செப்புச் சிறகனின் சரியான குரல்

தேநீர் நன்றாக இருந்தது. இஞ்சி கொஞ்சம் தூக்கல், கோப்பையின் கைப்பிடியில் விரல் நுழையவில்லை. பத்துக்கு ஆறரை தரலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எதைக் குடித்தாலும் எதைப் பார்த்தாலும் மதிப்பெண் போட்டுப் பழகிவிட்டேன். ஆறரை நல்ல மதிப்பெண்தான்; எங்கள் குழுவில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

நடந்ததை வாக்குமூலமாக என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு அதில் சிரமம் இல்லை. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்துகிறேன், மாலையில் கணக்கியல் வகுப்புக்குப் போகிறேன். வகுப்பு ஆசிரியை முதல் நாளே சொன்னார்: "நீங்க போட்ட கணக்க நீங்களே நம்பாதீங்க. மறுபடி கீழேர்ந்து மேல கூட்டிப் பாருங்க." அது எனக்கு வாழ்க்கைப் பாடம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து என்னைச் சந்தேகிக்காமல் எதையும் செய்ததில்லை. இப்போது சொல்லப்போகும் காரியத்தையும் அப்படிச் சந்தேகித்து, சரிபார்த்துத்தான் செய்தேன்.

அக்கா கொடுத்த புகாரை வாசித்தேன். என்னை மனசாட்சி இல்லாதவன் என்று எழுதியிருக்கிறாள். அது அவள் கருத்து. மாற்றுக் கருத்துகளை நான் மதிப்பவன். ஆனால் செப்புச் சிறகனை "ஏதோ ஒரு கார்ட்டூன் பொம்மை" என்று எழுதியிருப்பது தகவல் பிழை. அதைத் திருத்தாமல் மேலே போக முடியாது.

செப்புச் சிறகன் முதலில் வந்தது படக்கதைப் புத்தகங்களில். பகலில் பாலங்களுக்கு வர்ணம் அடிப்பவன், ஆபத்து வந்தால் செம்பில் செய்த சிறகுகளை மாட்டிக்கொண்டு பறப்பான். மற்ற பாத்திரங்கள் பேசும்போது வசனம் வழவழப்பான பலூனுக்குள் இருக்கும். சிறகனுடைய பலூனுக்கு மட்டும் விளிம்பு பிசிறு பிசிறாக இருக்கும். காகிதத்தைக் கிழித்து ஒட்டியது போல. அதன் பொருள் என்ன என்பதுதான் எங்கள் இணைய ரசிகர் குழுவின் அடிப்படை. அவன் குரல் கரகரத்த குரல், செம்பைக் கல்லில் தேய்த்தால் வரும் ஒலி. புத்தகத்தில் ஒலி கேட்காது என்று நீங்கள் சொல்லலாம். எங்களுக்குக் கேட்கும். பள்ளி நாளிலிருந்து எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஒருமுறை அந்தப் படங்களை வரைந்த ஓவியரே, வயதான மனிதர், எங்கள் குழுவில் சேர்ந்து ஒரு செய்தி போட்டார். "தம்பிகளா, எனக்கு அப்ப கை நடுக்கம். சிறகன் பலூனெல்லாம் நான் போட்டது, மத்தவங்க பலூன் என் உதவியாளர் போட்டது. அவ்வளவுதான் விஷயம்." குழுவில் பெரிய கொந்தளிப்பு. 'முதல் பதிப்பு' என்ற பெயரில் எழுதுபவர், தொழில் பல் மருத்துவம், நிதானமான மனிதர், அவர்தான் முடித்துவைத்தார்: "வரைஞ்சவருக்கு எல்லாம் தெரியும்னு யார் சொன்னது? அவருக்குப் படைப்பு புரியல." எல்லோரும் ஒப்புக்கொண்டோம். தவறான தகவல் பரப்பக் கூடாது என்பது எங்கள் விதி. குழுவின் அட்மின் என்ற முறையில் ஓவியரை நான் நீக்கினேன். மரியாதையாகத்தான் நீக்கினேன், வணக்கம் போட்டுவிட்டு.

குழுவில் என் பெயர் 'தலைமைச் சிறகர்'. அது வீட்டில் யாருக்கும் தெரியாது. அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். அக்கா பள்ளியில் கணக்கு டீச்சர். அத்தான் குரல் கொடுக்கும் கலைஞர். பிஸ்கட் விளம்பரத்து அணில், பூச்சி மருந்து விளம்பரத்துக் கரப்பான், டப்பிங் படங்களில் வில்லனுக்குப் பின்னால் நிற்கும் மூன்றாவது ஆள். சாப்பாட்டு மேசையில் அவர் இருந்தால் எட்டுப் பேர் இருப்பது போல இருக்கும். அவர்களுடைய மகள், ஆறு வயதுப் பாப்பா, கரப்பான் குரலில் கேட்டால்தான் பால் குடிப்பாள்.

செப்புச் சிறகன் அனிமேஷன் தொடராக வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தபோது நான் அழுதேன் என்றால் நம்புவீர்களா தெரியவில்லை. டிரெய்லர் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் என்னைக் கூடத்துச் சோபாவில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. சிறகன் பாலத்தின்மேல் இறங்கினான். சிறகின் நிறம் புதுச் செம்பு, புத்தகத்தில் பழஞ்செம்பு. முழங்கால் கவசத்தில் ஒரு திருகாணி குறைவு. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பிறகு அவன் வாயைத் திறந்தான். "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்."

வழவழப்பான குரல். கொஞ்சம் மூக்கிலிருந்து வருகிற, அன்பான குரல். எனக்கு ரொம்பப் பழக்கமான குரல்.

"எப்படி மச்சான்?" என்றார் அத்தான். "வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. ஆறு மாசமா வாய்ல பஞ்சு வச்ச மாதிரி இருந்தேன். உனக்குப் பிடிச்ச ஆளாச்சேன்னுதான் சம்பளம்கூடப் பேசாம ஒத்துக்கிட்டேன்."

"நல்லா இருக்கு அத்தான்" என்றேன்.

அது பொய். அன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உண்மையை எழுதினேன். "சிறகனுக்கு ஜலதோஷம்" என்று தலைப்பு. நீங்கள் வாசித்திருக்கக்கூடும், அது நிறையப் பேரால் பகிரப்பட்டது. குரல் கொடுத்தவர் யார் என்று தெரிந்தும் இரண்டு மதிப்பெண்தான் தந்தேன். உறவுக்காரர் என்று கூட்டிப் போட்டிருந்தால் அது நேர்மை ஆகாது.

அதன்பிறகு நடந்த எதையும் நான் தூண்டவில்லை. ஒழுங்குபடுத்தினேன், அவ்வளவுதான். ஆளுக்கொரு பக்கம் திட்டினால் பயனில்லை என்று, ஒரே வாசகத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பும்படி ஏற்பாடு செய்தேன். 'நடுப்பக்கம்' என்கிற உறுப்பினர் சிறகன் மூக்கைச் சிந்தும் படத்தை வரைந்தார். யாரோ அத்தானுடைய தொலைபேசி எண்ணைக் கேட்டார்கள். ஒரு விவாதத்துக்கு இரண்டு தரப்பும் வேண்டும் என்பதால் கொடுத்தேன்.

அத்தான் முதலில் சிரித்துக்கொண்டார். சாப்பிடும்போது செய்திகளை ஒவ்வொன்றாக வெவ்வேறு குரலில் படித்துக் காட்டுவார். "மூக்கால பேசறேனாம் மச்சான். மூக்கு இருக்கறவன் பேசத்தானே செய்வான்?" பாப்பா விழுந்து விழுந்து சிரிப்பாள். அக்கா சிரிக்க மாட்டாள்.

"யாருடா அது, தலைமைச் சிறகராம்ல? அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். சிறகெல்லாம் பிடுங்கித் தலகாணிக்குள்ள திணிச்சுடறேன்" என்று சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். "நீ ஏன்டா சாப்பிடாம பாத்துட்டு இருக்க? உங்க அத்தானத் திட்டினா உனக்கு ஏன் தொண்டை அடைக்குது? சாப்பிடு."

நான் சாப்பிட்டேன். அன்றைய குழம்புக்கு எட்டு.

கொஞ்ச நாளில் அத்தான் படித்துக் காட்டுவதை நிறுத்தினார். தனியாகப் படித்தார். பாப்பா கரப்பான் குரல் கேட்டபோது, "அப்பாக்கு மூக்கடைப்பு கண்ணா" என்றார். பிறகு ஒருநாள், ஒரு கலைஞன் செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியத்தைச் செய்தார்: ரசிகர்களிடம் வந்தார். எங்கள் குழுவுக்கு அவரிடமிருந்து பணிவாக ஒரு செய்தி. "தலைமைச் சிறகர் அவர்களுக்கு வணக்கம். நான் எங்கே தப்பு பண்றேன்னு சொல்லிக் கொடுத்தா திருத்திக்கிறேன். கடைசி அத்தியாயம் இன்னும் பதிவாகல."

அந்தச் செய்தியைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நடமாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் விரிவாகப் பதில் எழுதினேன். குரல் வயிற்றிலிருந்து வர வேண்டும், தொண்டையில் உரச வேண்டும், ஒவ்வொரு சொல்லின் விளிம்பும் கிழிய வேண்டும். அவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பயிற்சி செய்தார். வெளியே வந்து, "எப்படி மச்சான், கிழியுதா?" என்பார். "இன்னும் கொஞ்சம் கிழியணும் அத்தான்" என்பேன். அதிலும் நான் நேர்மையாகவே இருந்தேன். உண்மையில் அது இன்னும் கொஞ்சம் கிழிய வேண்டியிருந்தது.

இரண்டு வாரத்தில் அவர் இருமலில் சிவப்பாக ஏதோ வந்தது. அக்கா பிடிவாதமாகத் தொண்டை டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் ஒரு குழாயை விட்டுப் படம் எடுத்துவிட்டு, பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டுச் சொல்வதாகவும், அதுவரை ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

குரலால் பிழைக்கிறவர் பேசாமல் இருந்தால் வீட்டில் எவ்வளவு வேலை கூடும் தெரியுமா. பாப்பாவின் சிலேட்டை வாங்கி வைத்துக்கொண்டார். "ரசத்தில் உப்பு இல்லை. உன் அக்காவிடம் சொல்லாதே" என்று எழுதிக் காட்டி, உடனே அழித்துவிடுவார். அவருடைய தொலைபேசியை என்னிடம் கொடுத்து, யார் அழைத்தாலும் நீயே பேசு என்று சிலேட்டில் எழுதினார். கீழே ஒரு வரி: "இனி நீதான் என் வாய்." அதில் எழுத்துப்பிழை இல்லை, அவர் கையெழுத்தும் அழகு.

கடைசி அத்தியாயத்தின் பதிவு வியாழக்கிழமை. புதன்கிழமை மதியம், கடையில் ஒரு அம்மாவுக்குக் காது வலிக்காமல் ஃபிரேமை வளைத்துக்கொண்டிருந்தபோது அத்தானின் தொலைபேசி அடித்தது. டாக்டரின் நர்ஸ்.

"நீங்க யாரு பேசறது?"

"மச்சான்."

"நல்லா கேட்டுக்குங்க. குரல் நாண்ல ரத்தக்கசிவு இருக்கு. ஆறு வாரம் முழு ஓய்வு. ஒரே ஒரு தடவை கத்தினாக்கூட கிழிஞ்சுடும், அப்புறம் குரல் திரும்பி வராது. புரியுதா? அவர்கிட்ட இப்பவே சொல்லிடணும்."

"சொல்லிடறேன் சிஸ்டர்."

"மறந்துடாதீங்க."

"மறக்க மாட்டேன்" என்றேன். மறக்கவும் இல்லை. அவர் சொன்னதைச் சொல் மாறாமல் இப்போது உங்களுக்கு எழுதியிருக்கிறேன் பாருங்கள்.

அந்த அம்மாவின் கண்ணாடியை முடித்துக் கொடுத்துவிட்டு யோசித்தேன். அவசரப்படவில்லை. ஆறு வாரம் என்றால் தயாரிப்பு நிறுவனம் காத்திருக்காது, யாராவது வழவழப்பான ஆளைப் போட்டுக் கடைசி அத்தியாயத்தை முடித்துவிடும். அந்த அத்தியாயத்தில்தான் பாலம் இடிகிறது. சிறகன் தன் சிறகால் அதைத் தாங்கிக்கொண்டு, மேலே நிற்கிற மக்களைப் பார்த்துக் கத்துகிறான். அது அவனுடைய வாழ்வின் மிக முக்கியமான வசனம். மறுபக்கம் அத்தானின் குரல். கணக்கியலில் இதற்கு வழி இருக்கிறது, இரண்டு பத்தியில் எழுதிப் பார்ப்பது. எழுதிப் பார்த்தேன். ஆனாலும் என் தீர்ப்பை நான் மட்டும் நம்பக் கூடாதல்லவா. அதனால் பெயர் எதுவும் குறிப்பிடாமல், பொதுவான கேள்வியாகக் குழுவில் வாக்கெடுப்பு வைத்தேன்: "ஒருவரால் சரியான குரலை ஒரே ஒருமுறை தர முடியும், அதற்குப்பின் அவரால் பேசவே முடியாது என்றால், அந்த ஒருமுறை நடக்க வேண்டுமா?"

மாலை வகுப்பு முடிவதற்குள் முடிவு தெரிந்துவிட்டது. பெரும்பான்மை 'ஆம்'. 'முதல் பதிப்பு' எழுதினார்: "கலைன்னா அதுதான்." 'நடுப்பக்கம்' கண்ணீர் விடும் முகம் ஒன்றும் தீப்பிழம்பு ஒன்றும் போட்டார். ஒரே ஒரு உறுப்பினர், புதிதாகச் சேர்ந்தவர், "இது என்னங்க கேள்வி, அவர் வீட்டுல புள்ளகுட்டி இருக்காதா?" என்று கேட்டார். தலைப்புக்குச் சம்பந்தமில்லாமல் எழுதக் கூடாது என்பது விதி. நீக்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் சிலேட்டில் கேள்விக்குறி போட்டுக் காட்டினார்.

"டாக்டர் ஆஸ்பத்திரிலேர்ந்து பேசினாங்க அத்தான். எல்லாம் ஆறிப்போச்சாம். நாளைக்குத் தாராளமா பேசலாமாம், கத்தலாமாம்."

அவர் சிலேட்டை ஓரமாக வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அக்கா சாமியறை இல்லாத வீட்டில் எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நானும் கூடப் போனேன். கடையில் விடுப்பு சொல்லிவிட்டுத்தான். சிறிய அறை, சுவரெல்லாம் மெத்தை, நடுவில் மைக், அதற்கு முன்னால் ஒரு மடக்கு மேசையில் வசனத்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியரும் டப்பிங் இயக்குநர் அம்மாவும் நானும். திரையில் பாலம் இடிந்தது. அத்தான் ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். முதல் டேக்கில் பாதிக் குரல்தான் வந்தது. இயக்குநர் அம்மா மைக்கில், "சார், தொண்டை சரியில்லன்னா இன்னொரு நாள் பாத்துக்கலாம், ஒண்ணும் அவசரமில்ல" என்றார். நல்ல பெண்மணி, ஆனால் கதையைப் படிக்காதவர். அத்தான் என்னைப் பார்த்தார். கிழியணும் என்று நான் கையால் காட்டினேன்.

இரண்டாவது டேக். "என் கை இருக்கற வரைக்கும் ஒருத்தரும் கீழ விழ மாட்டீங்க."

நான் எப்படிச் சொல்வது. பள்ளி நாளிலிருந்து எனக்குள் கேட்ட குரல் வெளியே கேட்டது. செம்பைக் கல்லில் தேய்த்த ஒலி. ஒவ்வொரு சொல்லின் விளிம்பும் பிசிறு பிசிறாக. இன்ஜினியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கடைசிச் சொல்லில் உள்ளே ஏதோ அறுந்தது, அதுவும் பதிவாகியிருக்கிறது, நல்ல காது இருந்தால் கேட்கலாம். அத்தான் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, எப்படி மச்சான் என்று கேட்க வாயைத் திறந்தார். வாய் அசைந்தது. அவ்வளவுதான்.

அந்த வசனத்துக்குப் பத்துக்குப் பத்து தந்தேன். என் வாழ்நாளில் வேறு எதற்கும் தந்ததில்லை.

அத்தியாயம் வெளியான அன்று குழுவைத் திறந்து பார்த்தேன். 'முதல் பதிப்பு', குரல் பரவாயில்லை, ஆனால் உதட்டசைவுக்கு இம்மி பிந்தி வருகிறது என்று ஏழு தந்திருந்தார். 'நடுப்பக்கம்', சிறகின் நிறத்தை மாற்றாதவரை தன்னால் எதையும் ரசிக்க முடியாது என்றார். அதன்பின் மூன்று நாள் திருகாணியைப் பற்றி விவாதம் போயிற்று.

இரண்டாம் பருவத்துக்கு வேறு ஒருவர் குரல் கொடுத்தார். கரகரத்த குரல்தான். டிரெய்லர் வந்த ஒரு மணி நேரத்துக்குள் குழு கொதித்தெழுந்தது. "பழைய குரல்ல இருந்த அன்பு எங்கே?" "சிறகன்னா அந்த மூக்குக் குரல்தான்." "முதல் அத்தியாயத்துல 'நான் வந்துட்டேன்'னு சொல்வாரே, அந்த வழவழப்பு வருமா?" பழைய கலைஞரையே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு கையெழுத்து இயக்கம் ஆரம்பித்தார்கள். அட்மின் என்ற முறையில் அதை முன்னின்று நடத்தியது நான்தான். பெரும்பான்மை விரும்பும்போது என் சொந்தக் கருத்தைத் திணிப்பது முறையல்ல.

அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தீர்கள். டாக்டரிடம் சண்டைக்குப் போயிருக்கிறாள். "எல்லாம் ஆறிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று கத்தியிருக்கிறாள். நர்ஸ் முழித்துவிட்டு, "மச்சான்கிட்ட தெளிவா சொன்னேனேம்மா" என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து என் அறை வாசலில் நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "உனக்குத் தெரியுமாடா?" என்று மட்டும் கேட்டாள். "தெரியும் அக்கா" என்றேன். வாக்கெடுப்பு வைத்ததையும் சொன்னேன், நான் தனியாக முடிவெடுத்ததாக அவள் நினைத்துவிடக் கூடாதே. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நகரத்தில் ஒரு வணிக வளாகத்து லிஃப்டில் அத்தான் எப்போதோ பதிவு செய்த குரல் இன்னும் ஓடுகிறதாம். "கதவு மூடுகிறது. மூன்றாம் தளம்." அக்கா விடுமுறை நாட்களில் பாப்பாவை அங்கே கூட்டிப்போகிறாள். மேலும் கீழுமாக ஏறி இறங்கிவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பி வருகிறார்கள். புகாரில் இதையும் எழுதியிருக்கிறாள். வழக்குக்கு இது எப்படித் தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. வேண்டுமானால் நீங்கள் நீக்கிவிடலாம்.

மற்றபடி புகாரில் உள்ளவை சரி. நர்ஸ் பேசியது உண்மை. குரல் போய்விடும் என்று தெரிந்தே மறைத்தேன், கத்தலாம் என்று பொய் சொன்னேன், கண்ணாடிக்கு வெளியே நின்று கத்தச் சொல்லிக் கை காட்டியதும் நான்தான். எழுதியதைக் கீழிருந்து மேலாக ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டேன். பிழை எதுவும் தட்டுப்படவில்லை.

ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். அக்கா என்னை வெளியே அனுப்புவதற்கு முன்னால், தினமும் காலையில் அத்தானின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வசனத்தை அவருக்குப் போட்டுக் காட்டுவேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார், தோள் குலுங்கும். அவ்வளவு பெருமிதம். நான் செய்தது சரிதான் என்று அவரே உங்களிடம் சொல்லியிருப்பார், பேச மட்டும் முடிந்திருந்தால்.